பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் எடுத்தவருக்கு: சென்னையில் என்ன டிகிரி, எங்கே, எப்படிச் சேர்வது

மே மாதம் ரிசல்ட் வந்த மறுநாள் எங்கள் தெருவில் யாராவது ஒருவர் மார்க் ஷீட்டை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். போன வருடம் வந்தவள் எதிர்வீட்டுப் பெண். "அக்கா, நீட்ல வரலைன்னா பயோடெக்னாலஜி எடுத்துக்கலாம்னு அம்மா சொல்றாங்க." ஏன் பயோடெக்னாலஜி என்று கேட்டேன். "பேர் நல்லா இருக்குல்ல?"

அதே காரணத்துக்காக அதே டிகிரியை எடுத்தவள் நான். நான் படித்த கல்லூரி லேபில் டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். இயந்திரம் ஒன்று இருந்தது. அதன் மேல் நீல நிறத் துணி ஒன்று போர்த்தியிருக்கும். மூன்று வருடத்தில் அந்தத் துணியை எடுத்துப் பார்த்தது இரண்டு முறை, இரண்டு முறையும் வெளியிலிருந்து ஆய்வுக் குழு வந்த நாள். மற்ற நாளெல்லாம் டி.என்.ஏ. எப்படிப் பெருகும் என்பதைக் கரும்பலகையில் வரைந்து படித்தோம். அந்தப் பெண்ணிடம் அன்று சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதல் படி: உங்கள் குரூப் எது?

கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் எடுத்தவருக்கு எல்லாக் கதவும் திறந்திருக்கும். இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் என்று 'ப்யூர் சயின்ஸ்' எடுத்தவருக்கு உயிரியல் பட்டப்படிப்புகள் எல்லாம் உண்டு, பொறியியல் பக்கம் மட்டும் கடினம். அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் பி.டெக். இன்டஸ்ட்ரியல் பயோடெக்னாலஜி இருக்கிறது. அதற்கான கட் ஆஃப் கணிதத்தை 100-க்கும், இயற்பியல், வேதியியலைத் தலா 50-க்கும் மாற்றி 200-க்குப் போடுவது. உயிரியல் மார்க் அந்தக் கணக்கிலேயே வராது. உயிரியலில் 98 வாங்கிய பிள்ளைகள் இதைக் கேட்டதும் முகம் வாடிப்போவார்கள். என்ன செய்ய, பயோடெக் என்று ஒரே பெயரில் இரண்டு தனித்தனி உலகங்கள் இருக்கின்றன. பி.டெக். ஆலைக்காக, பி.எஸ்சி. ஆய்வகத்துக்காக.

இரண்டாம் படி: நீட் கதையை முடித்துக்கொள்ளுங்கள்

எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். வேண்டுமென்றால் நீட் தேர்வைத் தவிர வேறு வழியில்லை. இன்னொரு வருடம் எழுதப்போகிறீர்களா, இல்லையா என்பதை வீட்டில் உட்கார்ந்து இந்த வாரமே பேசி முடியுங்கள். எனக்குத் தெரிந்து நிறையப் பேர் 'முதலில் நீட் முடிவு வரட்டும்' என்று காத்திருந்தே அரசுக் கல்லூரி விண்ணப்பத் தேதியைத் தவற விட்டிருக்கிறார்கள். கலை அறிவியல் கல்லூரிகள் நீட்டுக்காகக் காத்திருக்காது. இரண்டுக்கும் விண்ணப்பித்து வையுங்கள், கிடைப்பது கிடைக்கட்டும்.

நீட் இல்லாமலே உயிரியல் மார்க்கை வைத்துப் போகக்கூடிய நல்ல தொழிற்படிப்புகள் சென்னையைச் சுற்றியே இருக்கின்றன. வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரியில் பி.வி.எஸ்சி. ஐந்தரை வருடப் படிப்பு. மாநில இடங்களுக்கு பிளஸ் டூ மார்க்தான் கணக்கு. அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு மட்டும் நீட் கேட்பார்கள். மீன்வளம் படிக்க விருப்பமென்றால் பொன்னேரியில் டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரி, நான்கு வருட பி.எஃப்.எஸ்சி. விவசாயம், தோட்டக்கலைக்குக் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கலந்தாய்வு. இவற்றில் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றிதழைத் தலைமை ஆசிரியரிடம் இப்போதே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கோடை விடுமுறையில் பள்ளி அலுவலகத்தில் ஆள் பிடிப்பது ஒரு தனிப் படிப்பு.

மூன்றாம் படி: பெயர்ப் பலகைக்குப் பின்னால் என்ன இருக்கிறது

இந்தப் படியில்தான் ஆற அமர யோசிக்க வேண்டும்.

தாவரவியல். 'பூ, இலை, வேர், இதைப் படித்து என்ன கிடைக்கும்?' என்று உறவினர்கள் கேட்கும் படிப்பு. ஆனால் கைவேலையை இதைப்போல் கற்றுத்தரும் படிப்பு வேறொன்று இல்லை. மூக்கிரட்டைத் தண்டை இடது கை விரல்களுக்கு நடுவில் பிடித்து, புது பிளேடைத் தண்ணீரில் நனைத்து, காகிதத்தைவிட மெல்லியதாகச் சீவ வேண்டும். ஐம்பது துண்டு சீவினால் ஒன்று தேறும். அதை சாஃப்ரனின் சாயத்தில் போட்டு, கழுவி, நுண்ணோக்கியில் வைத்தால் சிவப்பு வளையம் வளையமாகத் தெரியும். பாடப்புத்தகப் படத்தில் ஒழுங்காக இருக்கிற, தண்ணீரும் உணவும் போகும் குழாய்க் கற்றைகள் மூக்கிரட்டையில் தாறுமாறாக இருக்கும். இந்தத் தாறுமாறுதான் அன்றைய பாடம். ரோட்டோரத்தில் மிதித்துக்கொண்டு போகிற களைச்செடிக்குள் இவ்வளவு இருக்கிறதா என்று அன்று தோன்றினால், உங்களுக்கு ஏற்ற படிப்பு இதுதான்.

தலச்சேரியிலிருந்து சென்னை வந்து ராணி மேரிக் கல்லூரியில் படித்து, மாநிலக் கல்லூரியில் 1921-இல் தாவரவியல் ஆனர்ஸ் முடித்த இ.கே.ஜானகி அம்மாள் பிறகு மிச்சிகன் போய், திரும்பி வந்து கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி செய்தவர். 'பொண்ணுக்கு பாட்டனி எதுக்கு' என்று இன்னும் கேட்கிற மாமாக்களுக்கு இந்தப் பெயரைச் சொல்லலாம்.

விலங்கியல். முன்பெல்லாம் தவளை, கரப்பான் அறுவைதான் முதல் நினைவு. 2014-இல் பல்கலைக்கழக மானியக் குழு அதை நிறுத்தச் சொல்லிவிட்டது. இப்போது மாதிரிகள், கணினிப் படங்கள், களப்பயணம். களப்பயணத்துக்குச் சென்னையைவிட நல்ல ஊர் கிடைக்குமா என்பது சந்தேகமே. நகரத்துக்கு நடுவில் கிண்டி தேசியப் பூங்கா, புள்ளிமான், வெளிமான் இரண்டும் பார்க்கலாம். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்த பள்ளிக்கரணை சதுப்புநிலம் இருக்கிறது. வண்டலூர் உயிரியல் பூங்காவும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் முதலைப் பண்ணையும் அரை நாள் பயணம். ஜனவரியிலிருந்து கோடை தொடங்கும்வரை நீலாங்கரை, பெசன்ட் நகர் கடற்கரையில் ராத்திரி முழுக்க நடந்து பங்குனி ஆமையின் முட்டைகளைத் தேடி எடுத்துப் பாதுகாக்கும் மாணவர் குழு இருக்கிறது. விடியற்காலை காசிமேடு மீன் ஏலத்துக்குப் போய் நின்று, வலையில் வேண்டாதவை என்று ஓரமாகக் கொட்டிக் கிடக்கும் குவியலைப் பாருங்கள். முதுகெலும்பில்லாதவை என்ற பாடத்தின் பாதி அங்கேயே கிடக்கும்.

ஒரு விஷயம். சென்னையில் பல கல்லூரிகளில் இந்த இரண்டும் பழைய பெயரில் இருக்காது. 'தாவர உயிரியல் மற்றும் தாவர உயிரித் தொழில்நுட்பம்', 'மேம்பட்ட விலங்கியல் மற்றும் உயிரித் தொழில்நுட்பம்' என்று நீளமாக இருக்கும். பட்டியலில் பாட்டனி, ஜுவாலஜி இல்லையே என்று தேடி ஏமாறாதீர்கள், பெயர் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

நுண்ணுயிரியல். இதற்குப் பொறுமை வேண்டும், சுத்தம் வேண்டும், வாசனையையும் தாங்க வேண்டும். நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவைத் திறக்கும்போது வருகிற அந்த வெந்த மாவு மாதிரியான வாடை மூன்று வருடம் துப்பட்டாவில் ஒட்டிக்கொண்டிருக்கும். விளக்குச் சுடர் அருகில் தட்டை அரைகுறையாகத் திறந்து, கிருமி வளர்க்கும் கூழான அகரைச் சூடு ஆறாமல் ஊற்றி, மூடி, ஒரு நாள் காத்திருந்து பார்த்தால், நாம் வளர்த்த கிருமிக்குப் பதிலாகப் பச்சைப் பூஞ்சை வளர்ந்திருக்கும். மறுபடி முதலிலிருந்து. மருந்து, உணவு, தண்ணீர் ஆலைகளின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுகளில் பி.எஸ்சி. முடித்ததுமே வேலை கிடைக்கும் வாய்ப்பு மற்ற உயிரியல் படிப்புகளைவிட இதற்குக் கொஞ்சம் அதிகம் என்பது நான் பார்த்தது. திருப்போரூர் பக்கம் ஆலத்தூரில் மருந்து ஆலைகளுக்கென்றே ஒரு தொழிற்பேட்டை இருக்கிறது.

உயிர்வேதியியல். பாதிக்கு மேல் வேதியியல். பிளஸ் டூவில் ஆர்கானிக் பயமுறுத்தியிருந்தால் இங்கே வராதீர்கள். பிடித்திருந்தால், தைரியமாக வாருங்கள். புரதங்களின் வடிவத்தை உலகத்துக்குக் காட்டிய வேலைகளில் ஒன்று கிண்டியிலேயே நடந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஜி.என்.ராமச்சந்திரன் கங்காரு வால் தசைநாரின் எக்ஸ்ரே படத்தையெல்லாம் வைத்து, தசைநாரில் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் மூன்று புரி கொண்டது என்று 1954-இல் சொன்னார். புரதச் சங்கிலி எப்படியெல்லாம் மடங்க முடியும் என்று காட்டும், 1963-இல் வந்த ராமச்சந்திரன் வரைபடத்தை இன்றும் உலகம் முழுக்க உயிர்வேதியியல் மாணவர்கள் படிக்கிறார்கள்.

பயோடெக்னாலஜி. நல்ல லேப், நல்ல ஆசிரியர், பிறகு எம்.எஸ்சி. போகும் உறுதி, இந்த மூன்றும் இருந்தால் எடுங்கள். ஒன்று குறைந்தாலும் தாவரவியலோ நுண்ணுயிரியலோ எடுத்து எம்.எஸ்சி.யில் பயோடெக்குக்கு மாறிக்கொள்ளலாம். இது என் சொந்த அபிப்பிராயம், பயோடெக் ஆசிரியர்கள் கோபித்துக்கொண்டால் பரவாயில்லை. அந்த நீலத் துணியை நான் மறக்கவில்லை.

பயோஇன்ஃபர்மேடிக்ஸ், உணவு அறிவியல், தடய அறிவியல் என்று இன்னும் சில உண்டு. கணினியில் உட்காரப் பிடித்தவருக்கு முதலாவது பொருந்தும்.

நான்காம் படி: எந்தக் கதவு மூடும் என்று பாருங்கள்

டிகிரி எதைத் திறக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். எதை மூடும் என்று யாரும் சொல்வதில்லை.

பள்ளி ஆசிரியர் ஆகும் எண்ணம் இருந்தால் தாவரவியல் அல்லது விலங்கியல், அதற்குமேல் பி.எட்., அதுதான் நேர்வழி. பட்டதாரி ஆசிரியருக்கு ஆசிரியர் தகுதித் தேர்வான டெட்டின் இரண்டாம் தாள், முதுகலை ஆசிரியருக்கு எம்.எஸ்சி.யும் பி.எட்.டும். நுண்ணுயிரியல், பயோடெக் படித்துவிட்டு இந்தப் பக்கம் வருபவர்களுக்கு வழி மிகவும் குறுகல். பெயர் நீண்ட டிகிரிகளுக்கு இன்னொரு சிக்கல், அது தாவரவியலுக்கு 'இணையானது' என்ற அரசாணை இருக்க வேண்டும். சேரும்போதே துறைத்தலைவரிடம் அரசாணை எண்ணைக் கேளுங்கள். கேட்டதும் எடுத்துக் கொடுத்தால் நல்ல துறை.

அடுத்தது லேப் டெக்னீஷியன். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை என்று நினைத்து நுண்ணுயிரியலில் சேர்கிறார்கள். மருத்துவமனை வேலைக்குக் கேட்பது எம்.எல்.டி. என்ற மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பப் படிப்பு. அது வேறு கலந்தாய்வு, எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருவது. இரண்டும் ஒன்றல்ல.

மாறாக, உணவுப் பாதுகாப்பு அலுவலர் பணிக்கு பயோடெக், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் டிகிரிகள் சட்டவிதியிலேயே தகுதியாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. அந்தப் பட்டியலில் தாவரவியலும் விலங்கியலும் இல்லை. டி.என்.பி.எஸ்.சி. குரூப் தேர்வுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஏதாவது ஒரு டிகிரி போதும். சென்னையில் உயிரியல் படித்தவர்களை அள்ளிக்கொள்வது மெடிக்கல் கோடிங். மருத்துவர் எழுதியதை காப்பீட்டுக் குறியீடாக மாற்றும் வேலை. ஏசி அறை, மாதச் சம்பளம், உடற்கூறு தெரிந்தால் போதும். நுண்ணோக்கி மட்டும் மறந்துபோகும். அதைக் குறைவாக நினைக்க வேண்டாம், வீட்டு வாடகை அதில்தான் வருகிறது பலருக்கு.

ஐந்தாம் படி: கல்லூரி

அரசுக் கல்லூரி, அரசு உதவிபெறும் கல்லூரி, சுயநிதி, இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். ஒரே கல்லூரிக்குள்ளேயே காலையில் எய்டட், மதியம் செல்ஃப் ஃபைனான்ஸ் என்று இரண்டு ஷிப்ட் ஓடும். கட்டணம் பல மடங்கு வித்தியாசப்படும். அரசுக் கல்லூரியில் வருடம் முழுக்கச் சில ஆயிரத்தில் முடியும்.

மெரினாவைப் பார்த்தபடி இருக்கும் மாநிலக் கல்லூரி 1840-இல் தொடங்கியது, ராணி மேரிக் கல்லூரி 1914. உதவிபெறும் வரிசையில் பச்சையப்பன், தாம்பரத்தில் கிறித்தவக் கல்லூரி, நுங்கம்பாக்கத்தில் லயோலா, பெண்களுக்கு எத்திராஜ், ஸ்டெல்லா மாரிஸ், மகளிர் கிறித்தவக் கல்லூரி. தாம்பரம் கிறித்தவக் கல்லூரியின் வளாகமே ஒரு காடு. தாவரவியல் மாணவர் வகுப்பைவிட்டு வெளியே வந்தாலே பாதிப் பாடம்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் உள்ள உயிரியல் துறைகள் முதுகலைக்கும் ஆராய்ச்சிக்கும் உரியவை. பி.எஸ்சி.க்கு அதனுடன் இணைந்த கல்லூரிகளுக்குத்தான் போக வேண்டும். வருடாவருடம் யாராவது கிண்டிக்கு நேரே போய் நின்று திரும்பி வருகிறார்கள்.

ஆராய்ச்சி என்று உறுதியாக இருப்பவர் இன்னொரு பட்டியலையும் பார்க்க வேண்டும். திருப்பதியில் உள்ள ஐசர் என்ற மத்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தில் இளங்கலையும் முதுகலையும் சேர்ந்த ஐந்து வருட பி.எஸ்.-எம்.எஸ். இருக்கிறது, ஐசர் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். சென்னை ஐஐடியின் மருத்துவ அறிவியல் மற்றும் பொறியியல் பி.எஸ். படிப்புக்கும் அதே தேர்வுதான். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு. இந்தத் தேர்வுகளின் விண்ணப்பம் பிளஸ் டூ ரிசல்ட் வருவதற்கு முன்பே முடிந்துவிடும், அதனால் இப்போது பிளஸ் ஒன் படிப்பவர்கள் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: லேபைப் போய்ப் பாருங்கள்

விண்ணப்பம் போடும் முன் ஒரு வேலைநாள் மதியம் கல்லூரிக்குப் போங்கள். முதல்வர் அறை வேண்டாம், துறைக்குப் போங்கள். "லேப் பார்க்கலாமா சார்?" என்று கேளுங்கள். விடுவார்கள், விடாவிட்டால் அதுவே ஒரு பதில்.

உள்ளே போனதும் நுண்ணோக்கிகளை எண்ணுங்கள், பிறகு வகுப்பில் எத்தனை பேர் என்று கேளுங்கள். நாலு பேருக்கு ஒன்று என்றால் மூன்று பேர் வேடிக்கைதான் பார்ப்பார்கள். சிங்க் ஈரமாக இருக்கிறதா? கிருமி வளர்க்கும் பெட்டியான இன்குபேட்டருக்குள் தட்டு இருக்கிறதா, அதில் மாணவர் பெயரும் தேதியும் எழுதியிருக்கிறதா? அந்தத் தேதி இந்த மாதத்ததா? லேப் உதவியாளர் ஒருவர் இருப்பார், இருபது வருடமாக அங்கேயே இருப்பவர். 'அண்ணே, பசங்க தினமும் வர்றாங்களா?' என்று கேளுங்கள். உண்மையைச் சொல்வார். மே மாதம் போனால் லேப் காலியாகத்தான் இருக்கும், அதனால் முடிந்தால் பிளஸ் டூ படிக்கும்போதே, பிப்ரவரிக்குள் ஒருமுறை போய் வந்துவிடுங்கள்.

கடைசி வருட மாணவர் யாரையாவது கேண்டீனில் பிடித்து இரண்டு கேள்வி கேட்டால் போதும். புராஜெக்ட் சொந்தமாகச் செய்கிறீர்களா, வெளியே காசு கொடுத்து வாங்குகிறீர்களா? போன வருட சீனியர்கள் எங்கே போனார்கள்?

ஏழாம் படி: விண்ணப்பம்

அரசுக் கல்லூரிகளுக்கு 'டிஎன்காசா' இணையதளத்தில் ஒரே விண்ணப்பம். கடந்த ஆண்டுகளில் கட்டணம் 50 ரூபாய், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 2 ரூபாய். மொழிப் பாடங்களை விட்டுவிட்டு மற்ற நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணுக்குத்தான் தரவரிசை. தமிழில் 95 வாங்கியவர் அதை இங்கே பயன்படுத்த முடியாது. முதலில் விளையாட்டு வீரர், மாற்றுத்திறனாளி போன்ற சிறப்புப் பிரிவு, பிறகு பொதுக் கலந்தாய்வு. முதல் சுற்றில் பெயர் வராவிட்டால் மனம் விட வேண்டாம். பொறியியலும் கால்நடையும் கிடைத்தவர்கள் டி.சி. வாங்கிக்கொண்டு போகப்போக, ஆகஸ்டு வரைகூட இடம் காலியாகும். தினம் ஒருமுறை கல்லூரி அறிவிப்புப் பலகையையோ இணையதளத்தையோ பாருங்கள்.

உதவிபெறும், சுயநிதிக் கல்லூரிகள் தனித்தனியாக விண்ணப்பம் கொடுக்கும். எய்டட் பிரிவில் கேட்கிறேன் என்பதை விண்ணப்பத்திலேயே தெளிவாகக் குறியுங்கள்.

ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். ஆதாருடன் இணைந்த கணக்கு மாணவர் பெயரிலேயே இருக்க வேண்டும், அப்பா கணக்கு செல்லாது.

எட்டாம் படி: சேர்ந்த பிறகு

சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் தாளுக்கு இன்டர்னல் 25, பல்கலைத் தேர்வு 75. மேஜரை விழுந்து விழுந்து படித்துவிட்டு, துணைப்பாடமான அலைட் கெமிஸ்ட்ரியில் அரியர் வைப்பவர்கள்தான் அதிகம். முதல் வருடமே அதை முடித்துவிடுங்கள்.

ஸ்பாட்டர் தேர்வு என்று ஒன்று வரும். மேசை மேசையாகப் பொருள் வைத்திருப்பார்கள், மணி அடித்ததும் அடுத்த மேசைக்கு நகர வேண்டும். ஒரு நத்தை ஓட்டின் பெயர் நாக்கு நுனியில் நிற்க, மணி அடித்துவிடும். இதற்குப் படிப்பது வீட்டில் முடியாது, எழும்பூர் அருங்காட்சியகத்தின் விலங்கியல் பகுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுற்றினால் முடியும்.

இரண்டாம் வருட இறுதியிலேயே எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வுகளைப் பாருங்கள். ஐஐடிகளுக்கு ஜாம், மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை உதவியுடன் நடக்கும் எம்.எஸ்சி.களுக்கு காட்-பி. அதற்குப் பிறகு ஆராய்ச்சிக்குப் போக நெட் என்ற தகுதித் தேர்வு இருக்கிறது. கோடை விடுமுறையில் தரமணியில் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், சாந்தோம் பக்கம் உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் போன்ற இடங்களுக்குத் துறைத்தலைவர் கடிதத்தோடு எழுதிக் கேளுங்கள். பத்துக்கு எழுதினால் ஒன்றிலிருந்து பதில் வரும். மறக்காதீர்கள், எம்.எஸ்.சுவாமிநாதனும் முதலில் விலங்கியலில் பி.எஸ்சி. வாங்கிவிட்டுத்தான் விவசாயத்துக்கு மாறியவர்.

அட்மிஷன் அன்றைக்கு எடுத்துப்போக வேண்டியவை: பத்தாம் வகுப்பு, பதினொன்று, பன்னிரண்டு மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் அளவுப் படம் ஐந்தாறு. ஒவ்வொன்றிலும் மூன்று ஜெராக்ஸ், வாசலில் இருக்கும் கடையில் எடுக்கலாம் என்று விட்டால் அன்று அங்கே நாற்பது பேர் நிற்பார்கள். டி.சி.யை ஒப்படைக்கும் முன் கைப்பேசியில் இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எதிர்வீட்டுப் பெண் எடுக்கவில்லை, ஜூலையில் வேப்பேரியிலிருந்து கூப்பிட்டபோது அந்த ஒரு காகிதத்துக்காக ஒரு வாரம் அலைந்தாள்.